இடது பக்கம் காலி

ஜூன் 3, புதன்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். ஊர் உலகம் ஜாக்கிரதை.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பஸ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. “நான் கொண்டு விடமாட்டேனா? உனக்கெதுக்கு இந்த வேலை?” என்றார் இவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டின் ஏகபோக டிரைவர். பதவி பறிபோகிற கவலை.

டிரைவிங் ஸ்கூல் பெண்ணுக்கு என் மகள் வயதுதான். சூயிங்கம் மென்றபடியே உயிரைப் பணயம் வைக்கிறாள். “அக்கா, பானெட்டையே பாக்காதீங்க. அது எங்கயும் ஓடிப்போயிடாது. தூரமா பாருங்க.” நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து ரத்த அணுக்களைப் பார்க்கிறவள் நான். எனக்குத் தூரம் என்றால் கண்ணாடித் தகட்டின் மறு ஓரம்.

ஜூன் 5

பின்னால் எடுத்தேன். குப்பைத்தொட்டி நலம். அதன் மூடிதான் நலமில்லை.

ஜூன் 10

இன்று இடைவெளிப் பாடம். சிக்னலில் நின்றால் முன்வண்டியின் சக்கரம் ரோட்டைத் தொடுகிற இடம் தெரிய வேண்டுமாம். “தெரியலைன்னா அவங்க டிக்கியில ஏறி உக்காந்துட்டீங்கன்னு அர்த்தம் அக்கா.” பிறகு கண்ணாடிகள், அப்புறம் தோளுக்கு மேல் ஒரு திரும்பல். கண்ணாடியில் விழாத இடம் ஒன்று எப்போதும் இருக்குமாம். கழுத்து வலிக்கிறது. ஆனால் வழியில் ஒரு நாய் குறுக்கே வரப்போவதை முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைத்தேன். அந்த நாய்க்குத் தெரியாது, தான் யாரால் பிழைத்தது என்று.

ஜூன் 14, ஞாயிறு

வந்ததும் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

காலியான தெருக்களில் பழகலாம் என்று இவர் பக்கத்து சீட்டில் ஏறினார். ஏறியதிலிருந்து அர்ச்சனை. “கிளட்ச்... கிளட்ச்சுன்னா காலால மிதிக்கிறது, பூ வைக்கிறதில்ல.” நாற்சந்தியில் நின்றோம். நான் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். “இடது பக்கம் காலி, போ போ” என்றார். போனேன். இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள். பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி, பானெட்டில் கைவைத்து நின்றார். அடி படவில்லை. “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கத்தினார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. “எங்கேருந்து முளைச்சான்?” முளைக்கவில்லை. நேர்ச் சாலை அது. தூரத்திலிருந்தே வந்திருப்பார்.

நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? தோளுக்கு மேல் ஒரு திரும்பல்... அதைக்கூடக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேனே!

ஜூன் 15

காரைச் சுற்றிவந்து பார்த்தேன். கீறல் எல்லாம் இடது பக்கம். “பார்க்கிங்ல எவனோ உரசிட்டான்” என்பார் ஒவ்வொரு முறையும். அந்த எவனோ இடது பக்கம் மட்டும்தான் உரசுவானா? கதவு நிலையில் இவர் இடித்துக்கொள்கிற தோளும் இடது — ஐயோ.

சொன்னேன். “என் கண்ணுக்கு என்னடி? பேப்பர்ல பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாம படிக்கிறேன்!” உண்மைதான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 19

“எனக்குத்தான் கண் காட்டணும், துணைக்கு வாங்க” என்று கண் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆட்டோவில். போன பிறகு இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தேன். முறைத்தார். சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி கடைசி வரி வரை ஒப்பித்தார்.

அடுத்து, கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, ஓரங்களில் ஒளிப்பொட்டு மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே வந்து, “மெஷின் ரிப்பேரு டாக்டர். பாதி நேரம் விளக்கே வரல” என்றார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். “விளக்கு வந்துக்கிட்டேதான் இருந்தது சார்.”

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. நேர்ப்பார்வை அப்படியே இருக்கிறது; ஓரம் போய்விட்டது, இடது பக்கம் அதிகம். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக்கூடாது.

ஜூன் 20

இவர் பேப்பரைப் பிரிக்கவில்லை. டிவியும் போடவில்லை.

ஜூன் 22

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். “இருட்டாத் தெரிஞ்சிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும்டி. இருட்டு இல்ல. ரோடுதான் தெரிஞ்சுது. காலியா, சுத்தமா. அந்த ஆளு அதுல இல்லவே இல்ல.” கழுவிய தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, “இத்தனை நாளா உங்களையெல்லாம் உக்கார வெச்சு ஓட்டியிருக்கேன்.”

எனக்குக் கோவமா வருது. யார் மேலன்னு தெரியல. “தேய்ச்சதைத் துடைச்சு வைங்க” என்றேன். துடைத்து வைத்தார்.

ஜூலை 30

லைசென்ஸ்! சோதித்த அதிகாரி எதுவுமே பேசாமல் கையெழுத்துப் போட்டார். டிரைவிங் ஸ்கூல் பெண்தான் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று தனியாக வேலைக்கு ஓட்டிப்போனேன். காலையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இவர் வாசலில் நின்று கைகாட்டினார். “வா... வா... நிறைய இடம் இருக்கு, வா.”

கண்ணாடியைப் பார்த்தேன். அவருக்கு இடது பக்கம், சக்கரத்துக்கு நேராக, ரோஜாத் தொட்டி. நிறுத்தினேன். ஸ்டீயரிங்கைத் திருப்பி, தொட்டியைச் சுற்றி எடுத்தேன்.

“பாத்தியா? நான் சொல்லச் சொல்ல வந்ததால எங்கயும் இடிக்கல.”

“ஆமாங்க” என்றேன்.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியை நகர்த்தி வைத்தேன். அவர் காலில் இடித்துக்கொள்வார்.