கிணற்று வேலை நின்ற நாள்

அம்மாவுக்கு,

மலாவியிலேருந்து அரசி எழுதுறேன். முட்டி வலி குறைஞ்சுதா? மாத்திரையை நிறுத்திடாத. நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன். போன்ல இதையெல்லாம் சொல்லி முடிக்க முடியலை. அதான் லீவுல கடலூர் வர்ற தோழிகிட்ட இதைக் குடுத்தனுப்புறேன்.

இங்க கிராமத்துக்காரங்களோட சேர்ந்து கிணறு வெட்டுறோம். காலையில ஒவ்வொருத்தர்கிட்டயும் "நல்லா எழுந்தீங்களா, வீட்டுல எல்லாரும் நலமா"ன்னு கேட்டுட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவாங்க. அப்பா ஷிப்டுக்கு ஓடுறதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு முதல்ல சிரிப்பா இருந்தது.

அப்பா தவறின மறுநாளும் வேலைக்குப் போனேன். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு நீதானே வர வேணாம்னுட்ட. ரூம்ல இருக்க முடியலை. எஸ்னாத்துன்னு ஒரு அக்கா, வழக்கம்போல வீட்டுல எல்லாரும் நலமான்னு கேட்டாங்க. அப்பா போயிட்டார்னு சொல்லிட்டேன்மா.

அதைக் கேட்டதும் எல்லாரும் மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டாங்க. சாவு விழுந்தா இங்க யாரும் வேலை செய்யமாட்டாங்களாம். "செத்தது இந்த ஊர்ல இல்லையே"ன்னேன். "நீ இங்கதானே இருக்க"ன்னாங்க அந்தக்கா. சாயங்காலம் வரைக்கும் எல்லாருமே மாமரத்தடியில என்கூடவே உக்காந்திருந்தாங்க.

இவங்களுக்கு ஒரு வேளை சோறு போடணும். இங்கயும் கருவாடு கிடைக்குது. அப்பாவுக்கு வைக்கிற குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பன்னு சொல்லு.

வண்டி வந்துடுச்சு, தோழி கிளம்புறா. நம்ம குவார்ட்டர்ஸ்ல அப்பாவை எடுத்த அன்னிக்கு, எல்லாரும் ஷிப்டுக்குப் போனப்புறம், உன் பக்கத்துல யாரும்மா உக்காந்திருந்தா?

அன்புக்கரசி