துணிச் சிறகின் மறுபக்கம்

லீட்ஸ்
9 மார்ச் 1941

அன்புள்ள வில்ஃப்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கப்பலின் பெயரைக்கூட உறையில் எழுதக் கூடாதாம். அதனால் இந்தக் கடிதம் ஒரு எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணுக்குள் எங்கோ நீ இருக்கிறாய்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விமானத்துக்குச் சிறகு தைக்கிறேன். தையல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். இருக்கை உறை தைக்கச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். சுவர்போல நிமிர்த்தி வைத்த சிறகு ஒன்று நின்றது. எலும்பு மட்டும் உலோகம். மேலே லினன் துணி.

"இது எந்த விமானம்?" என்று நெல்லியைக் கேட்டேன். நெல்லி என் தையல் ஜோடி, இறைச்சிக் கடைக்காரரின் மனைவி.

"கப்பல்லேர்ந்து கிளம்பிப் போய் டார்பிடோ போடுமே, அதுதான். வாள்மீன்னு பேரு."

"என் புருஷன் அதுலதான்டி உக்காந்திருக்கான்."

"அப்போ ஒழுங்கா தை. இல்லேன்னா திரும்பி வந்து உன்னைத்தான் கேப்பான்."

சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். துணி, வில்ஃப். நீ சொல்லவே இல்லை.

நீ எதையுமே சொல்வதில்லை. போன விடுப்பில் நீ வானொலிப் பெட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய். நான் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது என்னை எழுப்பவில்லை. நான் விழித்துத்தான் இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறைகளை வைத்துக்கொள்கிறோமா என்று வீட்டுக்காரி திருமதி ஹார்டேக்கர் கேட்கிறார். குண்டில் வீடு இழந்தவர்கள் இடம் தேடி அலைகிறார்கள். கோடை முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். ஸ்கார்பரோவிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடுகிறாள். அங்கே போனால் நான் திரும்பி வரமாட்டேன். அது உனக்கும் தெரியும்.

வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா? ஒரு சொல் போதும்.

மெத்தை நடுவில் கிழிந்துவிட்டது. குதிரைமுடி வெளியே வருகிறது. நான் என் ஓரத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

எட்னா


கடலில்
20 ஏப்ரல் 1941

அன்புள்ள எட்னா,

கடிதம் கிடைத்தது. காலுறையும் கிடைத்தது. பெரிதாக இருக்கிறது. இரண்டு ஜோடிக்கு மேல் போடுவதால் சரியாகத்தான் இருக்கிறது.

துணி என்று சொல்லாதது உண்மை. சொன்னால் நீ தூங்கமாட்டாய் என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் விமானத்தை வலைப்பை என்கிறார்கள். கடைக்குப் போகும் பெண்கள் கையில் தொங்குமே, அது. எதைப் போட்டாலும் கொள்ளும். டார்பிடோ, கண்ணிவெடி, வெளிச்சக் குண்டு. ஒருமுறை யாரோ சைக்கிளைக் கட்டிக்கொண்டு போனார்களாம். வேலை முடிந்ததும் சிறகுகளைப் பின்னால் மடித்துக்கொள்ளும். லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோவார்கள். மடித்த நிலையில் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மூன்று பேர் போகிறோம். கூரை கிடையாது. முன்னால் விமானி ட்ராஸ்க். நடுவில் வழி பார்ப்பவர் ஆஷ்பி. கடைசியில் தந்திக்காரனாக நான், வால் பக்கம் பார்த்தபடி. போகும் இடம் எனக்குத் தெரியாது. வந்த வழிதான் தெரியும்.

நேற்று எதிர்க்காற்று. பேசும் குழாயில் ட்ராஸ்க்கின் குரல்:

"வில்ஃப், கீழ சரக்குக் கப்பல் ஒண்ணு போகுதே, நம்மள முந்திடுச்சா?"

"இன்னும் இல்ல சார். முயற்சி பண்ணுது."

தாக்கப் போகும்போது நான் எந்தச் செய்தியும் அனுப்பக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். தந்திக் கருவியில் ஒரு புள்ளி தட்டினாலும் நாங்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். இந்த வேலைக்குச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நீ சொல்வாய்.

வீட்டு விஷயம் யோசித்து எழுதுகிறேன்.

வில்ஃப்


லீட்ஸ்
25 மே 1941

வில்ஃப்,

யோசித்து எழுது.

அதுவரை நான் எப்படித் தைக்கிறேன் என்று சொல்கிறேன். சிறகுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நெல்லி. நீளமான ஊசி, மெழுகு தடவிய நூல். நான் குத்துகிறேன். ஊசி சிறகுக்குள் போய் மறைகிறது. அவள் பிடித்து இழுத்து, எலும்பைச் சுற்றி, திருப்பி அனுப்புகிறாள். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. துணி நடுவில். ஆனால் அவள் தும்மப் போகிறாள் என்பதுகூட நூலில் எனக்குத் தெரியும்.

தைத்ததை அடுத்த கூடத்தில் வார்னிஷ் பூசி முரசுபோல இறுக்குகிறார்கள். பேரிக்காய் மிட்டாய் வாசனை. தலை சுற்றும் என்று அங்கே வேலை செய்யும் பெண்களுக்குப் பால் கொடுக்கிறார்கள். நெல்லிக்கு அதில் பொறாமை.

உன் கடிதம் வந்த அன்று நான் ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், செத்துட்டியா? ஊசி எங்கடி?"

வில்ஃப், ஊசி எங்கே?

எட்னா


கடலில்
6 ஜூலை 1941

அன்புள்ள எட்னா,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எந்தக் கப்பல், எங்கே என்று சொல்ல முடியாது. பெரியது. விடியற்காலையில் மேகத்திலிருந்து இறங்கி அலைகளை ஒட்டிப் போனோம். டார்பிடோ போட வேண்டுமென்றால் தாழ்வாக, மெதுவாக, நேராகப் போக வேண்டும். சுடுகிறவன் ஆசைப்படுவதும் அதையேதான். ஆனால் நாங்கள் இவ்வளவு மெதுவாகப் போவதை அவர்களுடைய பீரங்கிகளால் நம்ப முடியவில்லை. குண்டுகள் எங்களுக்கு முன்னாலேயே வெடித்தன.

அலையின் முகட்டில் விழுந்தால் டார்பிடோ தடம் மாறிவிடும். பள்ளத்தில் விழ வேண்டும். ஆஷ்பி இடுப்புவரை வெளியே தொங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இல்ல. இப்ப இல்ல. இருய்யா, அவசரப்படாத. ம், இப்ப."

பாரம் போனதும் விமானம் துள்ளியது. திரும்பினோம். அவர்கள் இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலின் பக்கத்தில் தண்ணீர் எழுந்து நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன். நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். கத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே கடல் தெரிந்தது. இரண்டு சிறகிலும் ஓட்டைகள். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விட்டது. துணி அதைத் தடுக்கவில்லை, அதனால் அது வெடிக்கவும் இல்லை. எட்னா, துணியாக இருந்ததால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் ———————— வந்து சேர்ந்ததும் சிறகுகளைத் தைத்தார்கள். ஆள் போதவில்லை. நான் மறுபக்கம் நின்றேன். ஊசி வந்தது. பிடித்துத் திருப்பி அனுப்பினேன். முதல் தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

கடைசியாக, நீ கேட்டதற்கு வருகிறேன். எட்னா, வீட்டை ———————— அவ்வளவுதான்.

வில்ஃப்


லீட்ஸ்
17 ஆகஸ்ட் 1941

அன்புள்ள வில்ஃப்,

உன் கடிதத்தில் ஓட்டை இருக்கிறது.

தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் துறைமுகத்தின் பெயர். தணிக்கை அதிகாரி அதைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார். அதன் நேர்ப் பின்னால்தான் என் கேள்விக்கான பதில் இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து போய்விட்டன.

நான் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். நெல்லி கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"வச்சுக்கோன்னு எழுதியிருப்பான்."

"விட்டுடுன்னும் எழுதியிருக்கலாம்."

"ரெண்டும் இந்த ஓட்டைக்குச் சரியாத்தான் இருக்கு. உன் புருஷன் பேச ஆரம்பிச்சதும் வாயை வெட்டிட்டாங்களே, பாவம்."

நான் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

உனக்கு எழுதிப் பதில் வரக் காத்திருந்தால் கோடை போய்விடும். மூன்று நாள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓட்டையை அல்ல, மிச்சத்தை. நீ கத்தினாய் என்று இருக்கிறது. விரலில் குத்திக்கொண்டாய் என்று இருக்கிறது. முன்பெல்லாம் என் பெயரைக் கடிதத்தின் தலைப்பில் மட்டும்தான் எழுதுவாய். இதில் நடுவிலும் இருக்கிறது.

வைத்துக்கொள்கிறோம் என்று திருமதி ஹார்டேக்கரிடம் சொல்லிவிட்டேன். அக்காவுக்கும் எழுதிவிட்டேன். ஓட்டையில் இருந்தது வேறு பதில் என்றால், வந்து நேரில் சொல்.

இனி மெத்தை. அதையும் சிறகுபோலத்தான் தைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, ஊசியை உள்ளே விட்டு வாங்க வேண்டும். தனியாக முயன்றேன். ஓடி ஓடிச் சுற்றிவர வேண்டியிருக்கிறது, நூல் தளர்ந்துவிடுகிறது. நெல்லியைக் கூப்பிட்டேன்.

"உன் மெத்தைய நான் ஏன்டி தைக்கணும்? அதுக்குன்னு ஒருத்தன் இருக்கான்ல."

அப்படியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். தரையில் படுக்கிறேன். அதிகம் தாமதிக்காதே.

எட்னா


கடலில்
21 செப்டம்பர் 1941

அன்புள்ள எட்னா,

இந்தத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். பின்னால் காலி.

ஓட்டையில் இருந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "வீட்டை என்ன செய்வதென்று நீயே முடிவு செய்" என்றுதான் எழுதியிருந்தேன். அந்த விமானத்தில் போய்த் திரும்பியவனுக்கு அதற்கு மேல் எழுதத் தைரியம் வரவில்லை. வெட்டிய அதிகாரி யாரென்று தெரிந்தால் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுப்பேன்.

இப்போது எழுதுகிறேன். வைத்துக்கொள். அந்த அறைகளை, அந்த மெத்தையை, என்னை.

விடுப்பு கிடைத்திருக்கிறது. தேதி எழுதினால் வெட்டிவிடுவார்கள். இலைகள் முழுவதும் உதிர்வதற்குள் வந்துவிடுவேன். சிறகு தைப்பவரிடம் மெழுகு நூல் ஒரு சுருள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போதும் போய்யா, எனக்கு வேலை இருக்கிறது என்று அவர்தான் நிறுத்தினார்.

ஒன்று மட்டும் நீ சொல்ல வேண்டும். நான் எந்தப் பக்கம் நிற்கட்டும்?

உன்
வில்ஃப்