கிரானில் நான் சொன்னது

தை 9
கிரானில் செத்தவீடு. கஜானி, பதின்மூன்று வயது. ஆடு தேடி வயல் வட்டைக்குள் இறங்கியவள், யானைக்கென்று வயல்காரர் வீட்டு மின்சாரத்திலிருந்து இழுத்திருந்த கம்பியில் கை வைத்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்த கையோடு கூடிநின்ற வயல்காரரிடம் சொன்னேன்: "இந்தக் கம்பியெல்லாம் கழட்டுங்க."

எங்கள் கட்சி அமைப்பாளர் ரதீஸ் காருக்குள் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, போன முறை ரெண்டு பஸ் ஆக்கள்ற வாக்கு வித்தியாசத்திலதான் பாராளுமன்றம் போனீங்க. அதுவும் கிரான் வாக்கு." எனக்குத் தெரியாதா?

வயல்காரரில் கம்பி கழட்ட முன்வந்தவர் ஒருவர்தான். அழகரத்தினம். "நீங்க சொல்றது சரி புள்ள. நான் நாளைக்கே கழட்டுறன்."

தை 11
கழற்றிவிட்டாராம். நிம்மதி.

மாசி 3
அழகரத்தினத்தை யானை அடித்துக் கொன்றுவிட்டது. அவருடைய வயலிலேயே. கம்பி இருந்த பக்கத்தால்தான் வந்ததாம்.
கடவுளே. நான் சொல்லித்தானே கழட்டினார்?

மாசி 4
எந்தச் செத்தவீட்டையும் தவறவிடாதவள் நான். நூலிழையில் வென்றவளுக்கு அது பாதித் தொழில். இன்று அவருடைய செத்தவீட்டுக்குப் போகும் வழியில் செங்கலடிச் சந்தியோடு காரைத் திருப்பச் சொன்னேன். பயம். அவர் மனைவி கண்ணகை அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மாசி 21
தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கல்லடிக் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையில் அழகரத்தினம் இருந்தார். இல்லை, வேறு யாரோ. நேற்று ஏறாவூரிலும் இருந்தார். பேச்சு பாதியில் நின்றுபோகிறது.

ரதீஸ் விடுகிறானில்லை. "கம்பி அவரவர் விருப்பம் எண்டு ஒருக்காச் சொல்லுங்க அக்கா. போதும், வெண்டிருவம்."
சொன்னால்தான் என்ன? சொல்லாமலிருந்து யாரைக் காப்பாற்றிவிட்டேன்?

பங்குனி 8
கிரான் கூட்டம். ரதீஸ் சொன்னதைச் சொல்லத்தான் போனேன். ஒலிவாங்கியைப் பிடித்ததும் வாய் வேறு பேசியது. "மின்கம்பி வேணாம். அரசாங்கம் யானை வேலி போடும்வரை நான் சண்டை பிடிக்கிறன்."

பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "அழகரத்தினத்த எழுப்பித் தாங்க பாப்பம்!" பாதிச் சனம் எழும்பிப் போனது. முன்வரிசையில் அழகரத்தினம் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

சித்திரை 2
தோற்றுவிட்டேன்.

சித்திரை 6
பதவியும் இல்லை, பரிவாரமும் இல்லை. பஸ்ஸில் கிரான் போனேன். கண்ணகை அக்கா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. "இரிங்க புள்ள" என்று தேத்தண்ணி தந்தா.

"உங்களுக்கு நான் வோட்டுப் போடல்ல," என்றா. "மனம் வரல்ல."
"சரி அக்கா."
"கம்பியத் திரும்பக் கட்டச் சொல்லி மருமகன் ஒரே ஆக்கினை. அதுக்கும் மனம் வரல்ல."

நான்தான் அழுதேன். அவ எழும்பி நெல்லைக் கிளறப் போனா.