ஏட்டிடம் சொன்ன வார்த்தை

மன்னார்குடி, மார்கழி, வியாழன் இரவு.

பனி ஜன்னல் வரை வந்து நிற்கிறது. தூக்கம் வரவில்லை; எழுதுகிறேன்.

என் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் செல்வம் ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் தேறிவிட்டான். அவனைப் பற்றி விசாரிக்க இன்று போலீஸ் ஏட்டு வந்தார். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவன் மண்டையை உடைத்ததாக அவன் மேல் வழக்கு இருக்கிறது.

“எல்லைக்காக அடிச்சா மெடலு, வயலுக்காக அடிச்சா கேசா சார்?” என்றான் செல்வம்.

“வாய மூடுடா,” என்றுவிட்டு ஏட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க முதலாளி. இவன் கையில துப்பாக்கிய குடுக்கலாமா?”

“தாராளமா குடுக்கலாம். என் கல்லாவையே நம்பி விட்டுட்டுப் போறேன். கோபம் வந்தா மட்டும் கை முந்திக்கும்.”

கடைசியில் சொன்னதை மட்டும் ஏட்டு எழுதிக்கொண்டார். செல்வம் என்னைப் பார்க்காமல் அடுத்த மூட்டையைத் தூக்கப் போனான்.

சரக்கின் குறையைச் சொல்லி விற்றால்தான் வாங்கினவன் மறுபடி வருவான். அப்படியே பழகிவிட்டது நாக்கு. செல்வத்துக்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

கண் சொக்குகிறது. ஏதோ பனிமலையில் செல்வம் காவல் நிற்கிறான். எதிரே யாரோ வருகிறார்கள். உத்தரவு வரும்வரை அவன் கை அசையவே இல்லை. இதை யார் போய் அந்த ஏட்டிடம்…