முதல் மாடி வாசலில் ஒரு கதிரை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. துணி காயவில்லை.

மாலையில் மெயில் பார்த்தால் கிரஹாமிடமிருந்து மூன்று. அவர் எங்கள் கட்டடக் கமிட்டித் தலைவர், நான் செயலாளர். ஸ்ட்ராட்டா கமிட்டி என்று பெயர், செய்வது பஞ்சாயத்து. குப்பைத் தொட்டி, கார் நிறுத்தம், மாடி விளக்கு, யார் வீட்டு நாய் குரைத்தது. முன்பு ஒரு கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை என்று "சரி, இந்த வருஷம் மட்டும்" என்றேன். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை.

விஷயம்: அடுத்த வாரம் வியாழன் தீ பாதுகாப்புச் சோதனை. நடைபாதையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. செருப்பு ஸ்டாண்ட், பூந்தொட்டி, சைக்கிள். கடைசி வரியில், முதல் மாடியில் இருக்கும் அந்த நாற்காலி. சோதனையில் தேறாவிட்டால் கட்டடத்துக்கே இன்சூரன்ஸ் சிக்கல்.

அந்த நாற்காலி எதிர் வீட்டு ரஞ்சி அன்ரியுடையது, அவருடைய ஈழத்துப் பேச்சில் கதிரை. அங்கிளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு படி இறங்க முடியாது. லிஃப்ட் கிடையாது. காலையில் சட்டை மாற்றி, தலை வாரி, வாசலுக்கு வெளியே அதில் வந்து உட்காருவார். போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார். பேச்சு வராது, இடது கையைத் தூக்குவார். அவருடைய ஊர் உலகம் எல்லாம் அந்த நடைபாதைதான்.

மகள் நிலா பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு முழுக்க அன்ரி வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் போய் நாற்காலியை எடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 4, புதன்

பால், தயிர், உளுந்து. நிலாவுக்கு நீச்சல் கண்ணாடி (மறுபடி தொலைத்துவிட்டாள்).

சொல்லிவிடுவது என்று போனேன்.

"வா பிள்ளை, குசினிக்கு வா. ரொட்டி சுடுறன்."

"இல்ல அன்ரி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு..."

"சாப்பிட்டுட்டுச் சொல்லன். விஷயம் எங்க ஓடப் போகுது?"

தேங்காய் ரொட்டி, சம்பல். அங்கிள் இடது கையால் தட்டை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு ரொட்டி தின்றுவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவர் ராஜன்: "சொல்லிட்டியா?"

"சாப்ட்டேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

யோசனை வந்தது. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு நோட்டீஸ். ஒருவரிடம் சொல்ல வாய் வராவிட்டால் எல்லாரிடமும் சொல்லிவிடுவது நம் ஆட்களின் வழக்கம்தானே. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருவர் காரைக் குறுக்கே நிறுத்தினால், பெயர் சொல்லாமல் "அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று மைக்கில் கெஞ்சுவோமே, அதே கதை. சம்பந்தப்பட்டவர் புரிந்துகொள்வார், யார் முகமும் வாடாது.

ஆங்கிலத்திலும் தமிழிலும் அடித்தேன். "நாற்காலி" என்று போடக் கை வரவில்லை. "செருப்புகள் மற்றும் இதர வீட்டுப் பொருட்கள்" என்று போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு கதவாகச் செருகினேன். பெரிய பாரம் இறங்கியது.

மார்ச் 7, சனி

எல்லா வீட்டுக்காரர்களும் எடுத்துவிட்டார்கள். கீழ் வீட்டு நேபாளக் குடும்பம் துளசித் தொட்டியைக்கூட உள்ளே கொண்டுபோய்விட்டது. பாவமாக இருந்தது. எங்கள் செருப்பு ஸ்டாண்ட் இப்போது குளியலறைக்குள். நிலா: "திஸ் இஸ் ரிடிக்யுலஸ், அம்மா."

காலியான நடைபாதையில் ஒரே ஒரு நாற்காலி. முன்பாவது செருப்புகளுக்கு நடுவே மறைந்திருந்தது. இப்போது படியேறும்போதே கண்ணில் படுகிறது. புது மெத்தை வேறு போட்டிருக்கிறார்கள்.

அன்ரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நல்ல வேலை செய்தனீ பிள்ளை. சனம் செருப்பைக் கண்ட கண்ட இடத்தில போடுதுகள். இப்ப அங்கிளுக்குப் படி வரைக்கும் வடிவாத் தெரியுது."

அங்கிள் கை தூக்கினார். நானும் தூக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

தலைவலி. ஆபீஸில் அரை நாள் வீண்.

குப்பைத் தொட்டி பக்கம் தலைவர் கி.யைப் பிடித்தேன். அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் விலக்குத் தர முடியாதா என்று கேட்டேன். முடியாது. ஒருவருக்கு விட்டால் நாளை எல்லாரும் சோபாவைக் கொண்டுவந்து போடுவார்களாம். பிறகு அவர் பழைய கதை. இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்துக்காரர். அங்கே பாரிஷ் கவுன்சிலில் இருந்தாராம். நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரிதான், ஆனால் அதைவிடச் சின்ன அதிகாரம். கல்லறைத் தோட்டத்து வேலி, நடைபாதைப் புல், திருவிழாவுக்கு யார் கூடாரம் போடுவது. பஸ் நிற்கும் இடத்தில் வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் இவர் சண்டை போட்டுக் கடைசியில் போட வைத்தாராம். தன் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்றார்.

"அங்கே பெஞ்சு போட்டீர்கள், இங்கே நாற்காலியை எடுக்கச் சொல்கிறீர்களே?"

குப்பைத் தொட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார். பிறகு, அது திறந்த வெளி, இது புகை சூழ்ந்தால் ஆட்கள் தப்பிக்கும் வழி என்றார். அவர் சொல்வது சரி. அதுதான் ஆத்திரம். கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

மார்ச் 12, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து வேலை. சோதனைக்காரர் கீழே வந்துவிட்டார் என்று கி. போன் செய்தார். கதவைத் திறந்தால் அங்கிள் நாற்காலியில். நீல சட்டை. அன்ரி குளிக்கிறார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது.

"அங்கிள், கொஞ்சம் எழும்புறீங்களா?" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார். நோட்டீஸ் அவருக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன். எழுப்பிவிடச் சொல்லி இடது கையை நீட்டினார். தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தேன். திரும்பி வந்து நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தேன். அந்தக் கனமான கதவு தானாகவே மூடிக்கொண்டது. அதுவும் தீ விதிதான், கதவு திறந்து நிற்கக் கூடாது.

கட்டடம் தேறிவிட்டது. கி. கட்டை விரல் படம் அனுப்பினார்.

சாயங்காலம் அன்ரி வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நேர வந்து சொல்லியிருக்கலாமே. நான் அதை ஆருக்கோ போட்ட நோட்டீஸ் எண்டெல்லோ நினைச்சனான்."

"அன்ரி, உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"ஓம். விளங்குது. இனி வெளியில வைக்கமாட்டன், உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்."

உங்களுக்கு. இத்தனை வருடமாக என்னை நீ என்று கூப்பிட்டவர். வாசலிலேயே நின்று அழுதேன். ராஜன் வந்து கதவைச் சாத்தினார்.

மார்ச் 16, திங்கள்

மழை. மின் கட்டணம் கட்ட வேண்டும். நிலாவுக்கு இருமல்.

நடைபாதை ஆஸ்பத்திரி போல இருக்கிறது. காலையில் வெளியே போகும்போது என் கை பாதி உயர்ந்துவிட்டு நிற்கிறது. எதிரே மூடின கதவு. உள்ளே டிவி சத்தம். அங்கிளுக்கு டிவி பிடிக்காது.

பால்கனியில் உட்காரலாமே என்று ராஜன் சொல்கிறார். அது பின்பக்கம். எதிரே அடுத்த கட்டடத்துச் சுவர்.

ராஜினாமா எழுதிவிட்டேன். ஞாயிறு வருடாந்தரக் கூட்டம். வீட்டை விட்டுப் போக முடியாது. நிலா பள்ளி இங்கே, ராஜனுக்குப் பக்கத்து ஊர் லிட்கமில் வேலை. பதவியையாவது விட்டுவிடுகிறேன். வெறும் எதிர் வீட்டுப் பெண்ணாகப் போய்க் கதவைத் தட்டினால் ஒருவேளை மறுபடி நீ என்பார்.

மார்ச் 22, ஞாயிறு

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில், மடக்கு நாற்காலிகள் போட்டு. ஆச்சரியம், அன்ரி வந்திருந்தார். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பட்டுச் சேலை, கைப்பை.

விலகுகிறேன் என்று சொன்னேன். கி. நன்றி சொல்லிவிட்டு, அடுத்து யார் என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ராஜனும்தான்.

அன்ரி எழுந்தார். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை தொடங்கி நிறுத்திவிட்டு, தமிழிலேயே சொன்னார். நிதானமாக, என்னைப் பார்க்காமல்.

"கவிதாவே இருக்கட்டும். அவ ஆரின்ர முகமும் பாக்கிறேல்லை. எங்கட இவர் இருந்த கதிரையைக்கூட, ஆளை எழுப்பிப்போட்டு எடுத்தவ. சட்டம் எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும்."

கி. என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார், மொழிபெயர் என்றார்.

மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நேபாளக் குடும்பத்துப் பெரியவர் வழிமொழிந்தார். எல்லாக் கையும் மேலே போனது.

குறிப்புப் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. எழுதிக்கொள் என்றார் கி. எழுதினேன். செயலாளர்: கவிதா. முன்மொழிந்தவர்: ரஞ்சிதமலர், முதல் மாடி.