‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் போனவனுக்கு

என் ஆசை மச்சான் சுதன்,

உனக்குக் கோபமே வராது என்று எல்லாரிடமும் பேர். எனக்கு மூக்கு நுனியில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் அதுதான் நிறைய இருக்கப்போகிறது. பொறுத்துக்கொண்டு வாசி.

முதல் கோபம் உன்மேல்தான். ஆஸ்துமா பம்பைக் காருக்குள் விட்டுவிட்டு, இடுப்பளவு புல் நிற்கிற வெளியில் போய்க் கூடாரம் அடிப்பவன் உன்னைத் தவிர வேறு யாராவது இருப்பானா? காலையிலிருந்தே தும்மினாய். கேட்டதற்கு, “வருஷா வருஷம் வாறதுதானேடா, விடு” என்றாய். நானும் விட்டேன்.

எனக்காக நீ எடுத்த பக்ஸ் பார்ட்டி அது. கல்யாணத்துக்கு முன் சிநேகிதர்கள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கோமாளியாக்கும் இந்த நாட்டு வழக்கத்தை நீ நம் முறைக்கு மாற்றிவிட்டாய். மெல்பேர்னிலிருந்து தொலைவில், பண்ணை வெளியில் நடந்த இசைவிழாவில், குளிக்கிற துவாயை என் தலையில் தலைப்பாகையாகக் கட்டினாய். மாப்பிள்ளைத் தோழனுக்கும் தலைப்பாகை உண்டு என்று உன் தலையிலும் ஒன்று. பக்கத்துக் கூடாரத்துப் பெட்டைகள் வந்து படம் எடுத்தார்கள். கார் ஓட வேண்டும் என்பதால் ஒரு மிடறு பியரைக்கூட நீ தொடவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

பின்னேரம் காற்று அனலாக அடித்தது. பிறகு வானம் கறுத்து இடி இடித்தது. வசந்த காலத்து இடிமழை புல்லின் பூந்தூளைக் கிளப்பும், மூச்சுக்கு ஆகாது என்று இங்கே ஒவ்வொரு வருஷமும் செய்தியில் சொல்வதுதான். நான் சாப்பாட்டு வண்டிக்கு முன் வரிசையில் நின்றேன். கூடாரத்தில் உன்னோடு இருந்தது பிரகாஷ் மட்டும். என்னோடு வேலை செய்கிறவன், கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவன், நல்ல பெடியன். அவனிடம் “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு நீ காரை நோக்கி நடந்தாய். கார்வரை போய்ச் சேரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பொலிஸ் வந்து விசாரித்தது. பிரகாஷ் விம்மி விம்மி அழுதபடி, தான் கேட்டதைச் சொன்னான்: ஏதோ போட்டுவிட்டு வருகிறேன் என்று சுதன் சொன்னானாம். அவ்வளவுதான். உன் இரத்தத்தில் ஒன்றுமே இல்லை, ஆஸ்துமாதான் என்று டாக்டர்கள் பிறகு தெளிவாகவே சொன்னார்கள். அதற்குள் கதை சிட்னிக்குப் போய், அங்கே பிளாக்டவுன் தமிழ்க் கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. செத்தவீட்டில் உன் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே குசுகுசுத்தார்கள். “பெடியன் என்னத்தையோ போட்டிட்டானாம்.”

பிழை எங்கே என்று எனக்கே பிறகுதான் விளங்கியது. பிரகாஷ் என் வீட்டுக்கு வந்திருந்தான். இருவரும் வெளியே கிளம்பும்போது, “அம்மா, நான் போட்டு வாறன்” என்றேன்.

“என்னத்தப் போட்டுட்டு வர்ற?” என்று அவன் கேட்டான்.

“போயிட்டு வர்றேன்னு அர்த்தம். நாங்க இப்பிடித்தான் சொல்லுவம்.”

அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். “ஐயோ கஜன், அன்னைக்கு அவன் போயிட்டு வர்றேன்னா சொன்னான்? எங்க ஊர்ல போட்டுட்டு வர்றேன்னா மாத்திரை, இல்லன்னா சரக்குடா.”

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத பேச்சைத் தெரிந்ததாக நினைத்துவிட்டான். தெரிந்த பேச்சு வேண்டுமென்றே விளங்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்ய? உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் பிரகாஷ் ஒவ்வொருவரிடமும் போய்த் தன் பிழையைச் சொன்னான். கதையை முதலில் கொண்டு திரிந்த அங்கிள் என் தோளில் தட்டினார். “நடந்தது நடந்து போச்சு தம்பி. இனி உந்தக் கதையைக் கிளறி என்ன? விடும்.” விடுவதாம்! கதையைக் கட்டிவிடும்போது வராத களைப்பு, அவிழ்க்கச் சொன்னால் வந்துவிடுகிறது. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். கையில் இருந்திருந்தால் அவருடைய வெள்ளை வேட்டியில் ஊற்றியிருப்பேன்.

போன கிழமை ரோவில் வீட்டுக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கோயிலுக்கும் போகாமல் இருக்கிறார். குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார். “ராசா, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. அவன் ஏதும் போட்டவனோ?”

பெற்ற தாய், மச்சான். அவருக்குள்ளும் அதைப் புகுத்திவிட்டார்கள். திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். நம்பினாரா?

வெளிக்கிடும்போது வாய் தவறி, “போட்டு வாறன் அன்ரி” என்றேன். அவர் முகம் செத்துப் போனது. சின்ன வயதில் நாம் ‘போறன்’ என்று சொன்னால் வாசலில் மறித்து, ‘போட்டு வாறன்’ என்று திருத்திச் சொல்ல வைத்துவிட்டுத்தானே விடுவார்? அதே மனுசி சொன்னார்: “அப்பிடிச் சொல்லாத ராசா. போறன் எண்டே சொல்லு.”

காருக்குள் இருந்து ஸ்டியரிங்கில் குத்தினேன். அழவில்லை. கோபம்தான்.

அடுத்த மாதம் கல்யாணம். மங்கல காரியத்தில் செத்தவன் கதை எடுக்கக் கூடாது என்று இப்போதே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லியாயிற்று. எனக்குக் கழுத்து நீட்டப்போகிற ஆரணி மட்டும், “நீங்க கதையுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்” என்கிறாள். உனக்குப் பதிலாக ஒரு தோழனைத் தேடுகிறார்கள். தேடட்டும், நான் யாரையும் உன் இடத்தில் நிறுத்தப்போவதில்லை.

இதை மட்டும் எழுதித் தருகிறேன். தலைப்பாகையோடு நான் மைக்கைப் பிடிப்பேன். முதலில் பிரகாஷ் தன் பிழையைச் சொல்வான், பிறகு நீ சொன்னதன் அர்த்தத்தை நான் சொல்வேன். அந்த அங்கிளை முன்வரிசையில்தான் இருத்துவேன், பக்கத்தில் உன் அம்மாவை. விருந்து முடிந்து புறப்படும்போது, மண்டபமே கேட்க உன் அம்மாவிடம் “போட்டு வாறன் அன்ரி” என்பேன். அடுத்த நாள் காலையிலேயே அவர் வாசலில் போய் நிற்பேன். அந்தச் சொல்லைச் சொன்னவன் திரும்பி வர வேண்டும், சுதன். நீதான் வரவில்லை.

தோழன் இல்லாமல் மணவறை ஏறப்போகிற
உன் மச்சான்,
கஜன்