சரசுவின் தலையை அளந்தவருக்கு

அன்புள்ள அண்ணா,

அந்த முதல் சொல்லை எழுதவே எனக்கு இரண்டு நாளாயிற்று. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. சேலத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, எவ்வளவு பெரிய டாக்டர் என்று எல்லோரும் பேசினார்கள். நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கேளுங்கள்.

சரசுவுக்கு அப்போது நாலு மாதம். திருச்செங்கோட்டில் பஸ் ஏறி அவளை உங்களிடம்தான் கொண்டுவந்தேன். நெற்றிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தீர்கள். மண்டையோட்டில் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இவளுக்கு முன்கூட்டியே மூடிக்கொண்டது, மூளை வளர வளரத் தலை மேலே கூம்பும் என்றீர்கள்.

"மதராஸ்ல எலும்பை வெட்டி எடம் பண்ணி உடற டாக்டர் இருக்காரு. பொறு அம்மிணி, மொதல்ல அளவு எடுத்துக்கலாம்."

பொறுத்தேன். எனக்கு அம்மை கண்டபோது பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசியவர் நீங்கள். உங்களை நம்பாமல் யாரை நம்புவேன்?

மாதம் ஒருமுறை, இடுக்கி மாதிரியான இரும்புக் கருவியை அவள் தலையில் பொருத்துவீர்கள். நீளம், அகலம், உயரம். அவள் வீறிட்டு அழுவாள். கைகளைப் பிடித்துக்கொள்வது நான். மற்றக் குழந்தைகளின் அளவோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்வீர்கள். "எப்பங்கண்ணா மதராஸ் போறது?" என்றால், "அடுத்த மாசம் பார்க்கலாம்."

ஒன்றரை வயதில், விடிந்தால் வாந்தி. கண் பிதுங்கியது. ஒருநாள் எதிரே வைத்த பால் கிண்ணத்தைத் தரையெல்லாம் தடவித் தேடினாள். உங்களைக் கேட்காமலே நானும் அவள் அப்பாவும் ரயில் ஏறினோம். மதராஸ் டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "முதல் வருஷமே வந்திருக்கலாமே, யாரம்மா தடுத்தது?" என்றார். யார் பெயரைச் சொல்வேன், அண்ணா? எலும்பை வெட்டினார்கள். உயிர் தங்கியது. பார்வை திரும்பவில்லை.

வந்து உங்களிடம் கேட்டேன். "வெட்டிட்டா, அது தானா எப்படி வளருதுன்னு எங்க போய்ப் பாக்கறது? இப்படி ஒரு கொழந்தை மறுபடி கெடைக்குமா?" என்றீர்கள். கிடைக்குமா! அவள் உங்கள் தங்கை பெற்ற பிள்ளை இல்லையா?

போன வாரம், உங்களிடம் வேலை பழகிய டாக்டர் வீட்டுக்கு வந்தார். உங்கள் அளவுகளைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். "கடைசியா ஒரு தடவை பாப்பா தலையை அளந்துக்கறேனுங்க" என்றார். சரசுவுக்கு இப்போது ஒன்பது வயது. கதவுக்குப் பின்னாலிருந்து அவளே கேட்டாள்: "எதுக்குங்க? எனக்குக் கண்ணு வந்துருமுங்களா?"

அவர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புஸ்தகம் போடுங்க. காத்திருந்ததுலதான் இந்தப் புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னும் அதுல எழுதுங்க" என்றேன். எழுதுகிறேன் என்று குனிந்த தலையோடு சொல்லிவிட்டுப் போனார். எழுதுவாரா?

இளம்பிள்ளை ஊரில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் இதே போலத் தலை. மூன்று மாதம்தான் ஆகிறது. நாளைக் காலை அந்தத் தாயோடு நானும் மதராஸுக்குப் போகிறேன். வெட்டி முடியும்வரை அவளைவிட்டு நகரமாட்டேன், இது சத்தியம். உங்களை மன்னிப்பேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்களோடு கூடப்பிறந்தவள்,
சரசுவின் அம்மா